பதில்: நாவல் போட 40,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

நீங்கள் எழுதிய தாராவி நாவலை அச்சிட பதிப்பகத்தார் 40,000 ரூபாய் கேட்கிறார்கள், அதில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்) கட்டணமும் அடக்கம் என்கிறீர்கள். அந்த எண்ணை இந்தியாவில் அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

சரி, பணத்தைவிட ஒப்பந்தம்தான் பெரிய விஷயம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால் நீங்கள் காட்டியிருக்கும் ஒப்பந்த வரியில் உரிமை பற்றி உள்ள ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ இரண்டையும் அடிக்கச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல் உரிமைகளைத் தனியாகப் பேசுங்கள். மராத்தி, இந்தி மொழிபெயர்ப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தாராவிக் கதையை மும்பைக்காரர்களும் படிப்பார்கள்.

அப்புறம், எத்தனை பிரதி, என்ன தாள் என்று கேட்டு, அதே கணக்குக்கு உங்கள் ஊரில் ஓர் அச்சகத்தில் விலை விசாரியுங்கள். பேரம் அதற்குப் பிறகு.