பூனைக்குக் கிரியேட்டினின் கூடியிருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டும் உண்மையில் தேவைதானா?

எட்டு வயதுப் பூனை சில நாள்களாகச் சரியாக உண்ணவில்லை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருக்கிறது, 'எப்படியும் சிறுநீரக நோய்தானே, படம் எடுத்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்டிருக்கிறீர்கள். விலங்குகளுக்கு ஸ்கேன் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டையும் எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சிறுநீரகச் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பிறகே கிரியேட்டினின் வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் அந்தக் குறைவு ஆண்டுக்கணக்கில் மெல்ல வந்ததா, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் நாளத்தைக் கல் அடைத்ததால் திடீரென வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. பூனையின் சிறுநீர்நாளத்தின் உள்விட்டம் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான். ஒருபுறம் அடைபட்டாலும் மறுபுறச் சிறுநீரகம் ஈடுகட்டிவிடுவதால் வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. பின்னாளில் அந்த மறுபுறமும் அடைபடும்போதுதான், ஒன்று சுருங்கியும் மற்றது வீங்கியும் உள்ள நிலையில் பூனை எங்களிடம் வருகிறது.

இக்கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் ஆகும். அவை எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் மருத்துவ உணவால் கரையமாட்டா. குடலில் மலம் நிறைந்திருந்தால் சிறு கல் மறைந்துவிடும் என்பதாலும், பக்கவாட்டுப் படத்தில் இடுப்புப் பகுதி இரத்தக்குழாய் ஒன்று கல்லைப் போலவே தோன்றக்கூடும் என்பதாலும், எக்ஸ்ரேயை மட்டும் நம்பி முடிவெடுக்க நான் தயங்குவேன்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நான் முதலில் பார்ப்பது, சிறுநீர் வந்து சேரும் பெல்விஸ் என்னும் உட்குழியை. அது 13 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அடைப்பு ஏறக்குறைய உறுதி. மூன்று நான்கு மில்லிமீட்டர் விரிவுதான் சிக்கலானது: தொற்றாலும் வரலாம், டிரிப் ஏற்றியதாலும் வரலாம், அடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஆகவே டிரிப் ஏற்றியிருந்தால் அதை ஸ்கேன் பார்ப்பவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இயல்பான சிறுநீர்நாளம் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது; அது விரிந்து தெரிந்து, ஓரிடத்தில் சட்டென முடிந்தால், அந்த இடமே அடைப்பைக் காட்டிக்கொடுக்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால் ஓரிரு நாளில் மறுபடியும் அளக்கலாம். அல்லது ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் பெல்விஸுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அது கீழே இறங்குகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கலாம்.

அடைப்பு நீடிக்க நீடிக்க, பின்னர் அதை நீக்கினாலும் திரும்பாத இழப்பு கூடிக்கொண்டே போகும். அடைப்பைக் கடந்து சிறுநீர் இறங்கச் செய்யும் ஸ்டென்ட் (நாளத்துக்குள் வைக்கும் மெல்லிய குழாய்), தோலடி மாற்றுக்குழாய் போன்ற வழிகள் இன்று இருப்பதால், நாளம் சிறுநீர்ப்பை வரை பார்க்கப்பட்டதா என்பதை அறிக்கையில் எழுதித் தரும்படி இப்போதே கேளுங்கள்.