கஞ்சிக்கோட்டில் விமானம் செய்ய முடியுமா?

கேள்வி: வேலந்தாவளத்தில் இருந்துகொண்டு ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படிக்கிறேன். சீனா சொந்தமாக சி919 என்ற பயணிகள் விமானத்தைச் செய்து ஓட்டுகிறது. நமக்குப் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் நிலம் உண்டு, கோவை விமான நிலையமும் கிட்டத்தில்தான். ஒரு விமானத் தொழிற்சாலை ஏன் இங்கே வரக்கூடாது?

பதில்: தம்பி, நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பெங்களூரில் விமான உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நிலத்தையும் ஓடுதளத்தையும் வைத்து இந்தத் தொழில் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

சி919-ஐயே பாருங்கள். ஷாங்காயில் நடப்பது கடைசி அசெம்பிளி. மூக்குப் பகுதி செங்டுவிலிருந்து வருகிறது, இறக்கை ஷியானிலிருந்து, உடலின் ஒரு பகுதி நான்சாங்கிலிருந்து, வால் பக்கம் ஷென்யாங்கிலிருந்து. நான்குமே 1950-களில் ராணுவ விமானத்துக்காகத் தொழிற்சாலை வைத்த ஊர்கள். ஷாங்காய் மட்டும் என்ன, 1980-லேயே ஒய்-10 என்ற விமானத்தைப் பறக்கவிட்டது. அந்தத் திட்டம் நின்றுபோனது. அப்புறம் அமெரிக்காவின் எம்.டி.-82 பயணிகள் விமானத்தை அங்கே அசெம்பிளி செய்தார்கள். இத்தனையும் தாண்டி 2023 மே மாதம்தான் சி919 பயணிகளை ஏற்றியது. எஞ்சின் இன்னமும் அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டு நிறுவனத்துடையது.

பெங்களூரும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1940-ல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொழிற்சாலை தொடங்கினார். பக்கத்திலேயே இந்திய அறிவியல் கழகம் இருந்தது. நம் நாட்டில் தயாரான பெரிய பயணிகள் விமானம் என்றால் கான்பூரில் செய்த ஆவ்ரோதான், 1961-ல் பறந்தது. வடிவமைப்பு பிரிட்டனுடையது. அதற்குப் பிறகு அந்த அளவில் இன்னொன்று வராதது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். கோவையில் லேத்துக்கும் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. இடறுவது வேறு இடத்தில். நாங்கள் பெங்களூர்ப் பட்டறையில் உள்ளங்கை அளவில் ஒரு பிராக்கெட், அதாவது தாங்குபிடி, செய்வோம். அலுமினியக் கட்டியில் முக்கால்வாசிக்கு மேல் சீவலாகப் போய்விடும். மிஞ்சியதை அளந்து, விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிப் பார்த்து, அனோடைசிங் (அரிப்பு வராமல் மின்சாரத்தால் மேலே ஒரு படலம் ஏற்றுவது) செய்யவேண்டும். அந்த உலோகம் எந்த உலையில் எந்த வார்ப்பில் வந்தது என்பதுவரை காகிதம் கூடவே வரும். காகிதம் இல்லாத பிராக்கெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான். அனோடைசிங், வெப்பப் பதப்படுத்தல் போன்ற வேலைகளுக்கு நாட்கேப் என்ற, விமானத் தொழிலுக்கான சர்வதேச அங்கீகாரம் கேட்பார்கள். அந்த அங்கீகாரம் உள்ள கூடம் பக்கத்தில் இல்லையென்றால் பாகத்தை வேறு ஊருக்கு அனுப்பித் திரும்ப வாங்கவேண்டும், லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே கஞ்சிக்கோட்டுக்கு முழு விமானத்தைக் கேட்காதீர்கள். ஊருக்குப் பொதுவாக அப்படி ஒரு பதப்படுத்தும் கூடத்தையும் சோதனைக் கூடத்தையும் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பாலக்காட்டுக்குத் தொழில் நகரம் ஒன்றை அனுமதித்திருக்கிறது. வாளையாரைத் தாண்டினால் கோவை, தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஒரு முனையம். இரண்டு மாநிலமும் சேர்ந்து யோசித்தால் நடக்கக்கூடிய காரியம் இது.

உங்களைக் கேட்டால், ஐந்து அச்சு மில்லிங்கோடு அளவெடுப்பையும் படியுங்கள். பாகத்தின் அளவைத் துல்லியமாக எடுக்கும் சி.எம்.எம். மெஷினில் உட்காரத் தெரிந்த பையனை ஓசூரிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் தேடுகிறார்கள். முதல் சில வருடம் அங்கே போய்த்தான் ஆகவேண்டும், தம்பி.