நின்றுபோன அணு உலையை மறுபடி ஓட்டினால் மின்கட்டணம் குறையுமா?

கேள்வி: பழுதாகி நிறுத்தி வைத்த அணு உலையை மறுபடி இயக்கினால் மின்சாரம் மலிவாகும் என்கிறார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் வீணாகப் பயமுறுத்துகிறார்களா?

பதில்:

வீண் பயம் இல்லை. அதற்காக, நின்ற உலை எதையும் திரும்ப ஓட்டவே கூடாது என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. எதனால் நின்றது, அந்தக் கோளாறு நிஜமாகவே சரியாகிவிட்டதா, சும்மா நின்ற காலத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் மூன்றாவது கேள்விக்கான விடை கோணலாக இருந்தால், முதல் இரண்டுக்கும் நேர்மையான விடை கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

கலிஃபோர்னியாவில் இருந்த சான் ஒனோஃப்ரே மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே கடற்கரையை ஒட்டிய இடம், 80 கிலோமீட்டர் தூரத்துக்குள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அங்கே 2, 3 என்ற இரண்டு உலைகளுக்கும் 2009-க்கும் 2011-க்கும் இடையில் புது நீராவி ஜெனரேட்டர்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 9,727 குழாய்கள். உலையில் சூடான கதிரியக்க நீர் குழாய்க்கு உள்ளே ஓடும், வெளியே இருக்கும் நீர் அந்தச் சூட்டில் ஆவியாகி டர்பைனைச் சுழற்றும். அந்தக் கதிரியக்க நீரைப் பிரித்து வைத்திருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள குழாய்ச் சுவர்தான்.

2012 ஜனவரி 31 அன்று 3-ஆம் உலையில் ஒரு குழாய் கசிந்தது. புது ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளியான கதிரியக்கம் மிகச் சிறிய அளவுதான், அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்ததில் அழுத்தத்தைத் தாங்காமல் எட்டுக் குழாய்கள் தோற்றன, இரண்டு உலைகளிலும் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்ட குழாய்களில் தேய்மானம் இருந்தது. நீராவி அளவுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்ததால் குழாய்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. வடிவமைத்தபோது போட்ட கணினிக் கணக்கு அந்த வேகத்தைக் குறைத்துக் காட்டியிருந்தது.

அப்புறம்தான் நீங்கள் கேட்கிற விஷயம் வருகிறது. 2012 அக்டோபரில் மின் நிறுவனம் ஒரு திட்டம் கொடுத்தது: பாதிப்பு குறைவாக இருந்த 2-ஆம் உலையை 70 சதவீதத் திறனில் ஐந்து மாதம் ஓட்டுவோம், பிறகு நிறுத்திக் குழாய்களைப் பார்ப்போம். வேகம் குறைந்தால் அதிர்வு குறையும் என்பது அவர்கள் வாதம், அதில் பொறியியல் நியாயம் இருக்கிறது. ஆனால் பழுதுக்குக் காரணமான வடிவமைப்பு அப்படியே இருந்தது. தேய்ந்த குழாய்களை அடைத்தார்கள், அவ்வளவுதான். முழுத் திறன் வரை எந்த நிலையிலும் குழாய்கள் தாங்கும் என்ற உறுதியின் பேரில் தரப்பட்ட உரிமத்தை வைத்துக்கொண்டு, 70-க்கு மேல் போகமாட்டோம் என்று சொல்லி ஓட்டுவது, சுற்றி வாழும் அத்தனை பேரையும் கேட்காமலே அவர்களை வைத்துச் சோதனை செய்வதுதான். 2013 மே மாதம் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிம வாரியமும் இது உரிமத்தையே மாற்றுகிற விஷயம், பொது விசாரணை இல்லாமல் முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே, ஜூன் 7 அன்று, இரண்டு உலைகளையும் நிரந்தரமாக மூடுவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது.

சரி, பணம்? மின்சாரமே தராத உலைக்கும் மாதாமாதம் பில்லில் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒன்பது மாதம் தொடர்ந்து நின்ற நிலையத்தைக் கட்டணத்திலிருந்து நீக்கலாமா என்று விசாரிக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம், அதன்படி விசாரணையும் தொடங்கியது. 2014-இல் வந்த சமரசத்தில் நிலையத்தை மூடியதற்கான மொத்தச் செலவு 470 கோடி டாலர், அதில் சுமார் 330 கோடி நுகர்வோர் தலையில். பிறகு 2015-இல் தெரியவந்தது, மாநிலக் கட்டண ஆணையத்தின் அப்போதைய தலைவரும் நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரும் 2013 மார்ச்சில் வார்சாவில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து இந்தச் சமரசத்தின் உருவரையைப் பேசியிருக்கிறார்கள் என்பது. பில் கட்டுகிறவர்கள் சார்பாக அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். 2018-இல் மறுபடி பேசி நுகர்வோர் சுமையைச் சுமார் 77.5 கோடி டாலர் குறைத்தார்கள். ஜெனரேட்டர் செய்து கொடுத்த மிட்சுபிஷியிடம் 757 கோடி கேட்டு வழக்காடியதில் கிடைத்த தீர்ப்பு 12.5 கோடிதான், ஏனென்றால் ஒப்பந்தத்திலேயே பொறுப்புக்கு உச்சவரம்பு போட்டிருந்தார்கள்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் உலையில் 2002-இல், உலைக்கலனின் மூடியை போரிக் அமிலம் அரித்து, உள்ளே ஒரு சென்டிமீட்டர் கனத் துருப்பிடிக்காத எஃகுப் படலம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு முன்பே 2001 டிசம்பருக்குள் நிறுத்திச் சோதிக்கச் சொன்ன அணு ஒழுங்குமுறை ஆணையத்திடம் நிறுவனம் பேசிப் பேசி 2002 பிப்ரவரி வரை தள்ளிப்போட்டிருந்தது, நிறுத்தினால் நஷ்டம் என்று. ஆனால் திரும்ப ஓட்டும்போது குறைந்த திறனில் ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. கட்டி முடிக்காமல் விட்ட வேறொரு நிலையத்திலிருந்து பயன்படுத்தாத மூடியை வாங்கிப் போட்டார்கள், சுமார் இரண்டு வருடம் கழித்து 2004-இல்தான் உலை ஓடியது.

வேலிக்கு வெளியேயும் பாதுகாப்பு இருக்கிறது. ஜப்பானில் டோக்காய்-2 உலையை மறுபடி இயக்க 2021-இல் மிட்டோ மாவட்ட நீதிமன்றம் தடை விதித்தது. உலையில் கோளாறு என்பதற்காக அல்ல, 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றும் திட்டம் போதாது என்பதற்காக.

இப்போது மிஷிகனில் 2022-இல் மூடிய பாலிசேட்ஸ் உலையைத் திரும்ப இயக்க அமெரிக்க மத்திய அரசு 152 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. அங்கேயும் நீராவி ஜெனரேட்டர் குழாய்களில் விரிசல்கள் தெரிந்தன. ஆகவே, நின்ற உலையை ஓட்டினால் மின்கட்டணம் குறையும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ஓட்டி ஆறு மாதத்தில் மறுபடி நின்றால், அதற்கு அடுத்த மாத பில் யாருக்கு வரும், பங்குதாரருக்கா, எனக்கா? அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், உலையை ஓட்டுவதற்கு முன்னாலேயே.