ஒரே வீரருக்கு 10 கோடி பவுண்ட் கொடுக்கும் கிளப்புகள் ஜூன் மாதம் சொந்தப் பையன்களை விற்பது ஏன்?

கேள்வி: நான் நியூகாசில் கால்பந்து கிளப்பின் ரசிகன். உலகின் பெரும் பணக்கார முதலாளி இருந்தும் "எஃப்எஃப்பி (வரவுக்கு ஏற்பச் செலவு செய்யச் சொல்லும் நிதி விதி) இடிக்கிறது" என்று சொல்லி, கிளப்பிலேயே வளர்ந்த பையன்களை விற்கிறார்கள். செல்சி மட்டும் எப்படி வாங்கிக் குவிக்கிறது? ஒரு கிளப்பால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்து கிளப்புகளின் ஆண்டுக் கணக்கு, அங்கே நிறுவனங்களைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு ஒரு கால்குலேட்டர் போதும். ஒரு கோடி பவுண்ட் முன்னே பின்னே தவறலாம். ஆனால் கிளப் சௌகரியமாக இருக்கிறதா, கழுத்து வரை சிக்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

முதலில் முதலாளியின் சொத்தை மறந்துவிடுங்கள். 2021 அக்டோபரில் நியூகாசிலை வாங்கிய சவூதி அரசின் முதலீட்டு நிதியத்திடம் எவ்வளவு இருக்கிறது என்பது விதிக்குப் பொருட்டே இல்லை. விதி பார்ப்பது கிளப்பின் வரவையும் செலவையும்தான். முதலாளி தன் இன்னொரு கம்பெனியின் பெயரை ஜெர்சியில் போட்டு இரண்டு மடங்கு பணம் கொடுக்கலாமே என்றால், அதுவும் நடக்காது. உறவுள்ள நிறுவனங்களோடு போடும் ஸ்பான்சர் ஒப்பந்தம் சந்தை விலையில்தான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகில் 2025-26 சீசன் வரைக்குமான விதி பிஎஸ்ஆர். ரசிகர்கள் எஃப்எஃப்பி என்று சொல்வது இதைத்தான். மூன்று சீசன்களில் சேர்த்து 10.5 கோடி பவுண்ட் வரை நஷ்டம் காட்டலாம். அதில் 1.5 கோடிக்கு மேற்பட்டதை முதலாளி பங்கு முதலீடாகப் போட்டு அடைக்க வேண்டும். கடனாகக் கொடுத்தால் செல்லாது. அந்த மூன்றில் ஒரு சீசன் இரண்டாம் நிலைத் தொடரான சாம்பியன்ஷிப்பில் ஆடியிருந்தால் அந்த ஆண்டுக்கு 3.5 கோடிக்குப் பதில் 1.3 கோடிதான் கணக்கு. ஆண்டறிக்கையில் இருக்கும் நஷ்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அகாடமி (கிளப்பின் இளம் வீரர் பயிற்சிப் பள்ளி), பெண்கள் அணி, சமூகப் பணி, ஸ்டேடியத்தின் தேய்மானம் ஆகியவற்றின் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் விதிக்கான நஷ்டம். ஆண்டறிக்கையைப் பார்த்து "வரம்பு தாண்டிவிட்டது" என்று அலறும் பதிவுகள் பெரும்பாலும் இந்தக் கழித்தலை விட்டுவிடுகின்றன.

அடுத்து, வாங்கும் வீரர். 6 கோடிக்கு ஒருவரை 5 ஆண்டு ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். வாரச் சம்பளம் 1.5 லட்சம், ஏஜென்ட் கமிஷன் 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபர் தொகையும் கமிஷனும் சேர்ந்து 6.5 கோடி, ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1.3 கோடி. சம்பளம் 52 வாரத்துக்கு 78 லட்சம். சம்பளத்தின் மேல் கிளப் கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 15 சதவீதம், அது ஏறக்குறைய 12 லட்சம். ஆக ஆண்டுக்கு 2.2 கோடி. "6 கோடி வீரர்" என்று செய்தியில் வருபவர் கணக்கில் இப்படித்தான் உட்காருகிறார். ஜனவரியில் வாங்கினால் முதல் ஆண்டில் இதில் பாதியளவே விழும்.

தவணையில் கட்டுவதால்தான் இப்படிப் பிரிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்தாலும் ஒப்பந்த ஆண்டுகளால்தான் வகுக்க வேண்டும். தவணை என்பது கிளப்பின் கையிருப்புப் பிரச்சினை, எஃப்எஃப்பி பிரச்சினை அல்ல.

செல்சியின் முதல் சூட்சுமம் இந்த வகுத்தலில்தான் இருந்தது. 2023 ஜனவரியில் பென்ஃபிகாவிலிருந்து என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடிக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு 1.26 கோடிதான் விழுந்தது. ஐந்து ஆண்டு என்றால் 2.14 கோடி ஆகியிருக்கும். 2023 கோடையில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவும் டிசம்பரில் பிரீமியர் லீகும் இந்த வழியை அடைத்தன. இப்போது எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் வகுப்பது ஐந்தால்தான். பழைய ஒப்பந்தங்களைத் தொடவில்லை.

விற்பனையில்தான் உங்கள் கேள்வியின் உயிர் இருக்கிறது. மேலே சொன்ன வீரரை மூன்று சீசன் கழித்து விற்றால், அவருடைய கணக்கேட்டு மதிப்பு (இன்னும் செலவில் எழுதாத மிச்சம்) 6.5 கோடியில் 3.9 கோடி போக 2.6 கோடி. 3.5 கோடிக்கு விற்றால் லாபம் 90 லட்சம். 2 கோடிக்கு விற்றால் 60 லட்சம் நஷ்டம், அதுவும் அந்த ஒரே ஆண்டில். சரியாக ஆடாத வீரரை விற்காமல் லோனில் (வேறு கிளப்புக்கு இரவலாக) அனுப்பிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அகாடமியில் வளர்ந்தவருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்காததால் அவருடைய கணக்கேட்டு மதிப்பு பூஜ்யம். 3.5 கோடிக்கு விற்றால் 3.5 கோடியும் லாபம். நியூகாசில் 2021-22இல் 7 கோடிக்கு மேலும் 2022-23இல் அதைவிடக் கூடுதலாகவும் நஷ்டம் காட்டியிருந்தது. 2024 ஜூன் 30 நெருங்கியபோது எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் யான்குபா மின்டேவை பிரைட்டனுக்கும் அவசரமாக விற்றது இதனால்தான். முதலாமவர் சொந்த அகாடமிப் பையன், இரண்டாமவர் ஓராண்டுக்கு முன் சில்லறை விலைக்கு வந்தவர். இருவரும் ஏறக்குறைய முழு லாபம். பெரும்பாலான கிளப்புகளின் கணக்கு ஆண்டு ஜூன் 30 உடன் முடிகிறது. அதே ஜூனில் ஆஸ்டன் வில்லா, செல்சி, எவர்ட்டன் தங்களுக்குள் இளைஞர்களைக் கைமாற்றிக்கொண்டதும் இந்தத் தேதிக்காகத்தான். நிதி ஒழுக்கத்துக்காக வந்த விதி, கிளப்பை விதைநெல்லை விற்க வைக்கிறது. இதை நான் இந்த விதியின் மிகப் பெரிய கோணலாகவே பார்க்கிறேன்.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபாரஸ்ட்டே சாட்சி. இரண்டு சீசன் சாம்பியன்ஷிப்பில் இருந்ததால் அவர்களுக்கு வரம்பு 6.1 கோடி, நஷ்டம் 9.55 கோடி. தங்கள் வீரர் பிரென்னன் ஜான்சனை ஜூனில் விற்றிருந்தால் பெரும்பகுதி அடைபட்டிருக்கும். நல்ல விலைக்காகக் காத்திருந்து 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். அது அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் விழுந்தது. "கூடுதல் விலைக்குத்தானே காத்திருந்தோம்" என்ற வாதம் எடுபடவில்லை. ஆறு புள்ளியில் தொடங்கி, ஒத்துழைத்ததற்காக இரண்டைக் குறைத்து நான்கு புள்ளி பறித்தார்கள். எவர்ட்டன் 1.95 கோடி தாண்டியதற்கு முதலில் பத்துப் புள்ளி பறிபோய், மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது.

ஒரு பொறியைக் கவனியுங்கள். அகாடமிப் பையனை 4 கோடிக்கு விற்றால் அந்த ஆண்டு 4 கோடி லாபம். அதை வைத்து 20 கோடிக்கு வீரர்களை வாங்கினாலும் (ஐந்தால் வகுத்தால் 4 கோடி) டிரான்ஸ்ஃபர் தொகையைப் பொறுத்தவரை அந்த ஆண்டுக் கணக்கு நேராகிவிடும். சம்பளம் தனி. ஆனால் லாபம் ஒரே ஆண்டோடு முடிந்துவிடும், 4 கோடிச் செலவோ இன்னும் நான்கு ஆண்டு தொடரும். அடுத்த ஜூனில் இன்னொருவரை விற்க வேண்டும்.

இந்தச் சக்கரம் போதாமல் செல்சி இன்னொன்றும் செய்தது. இரண்டு ஓட்டல்களை 7.65 கோடிக்குத் தன் சகோதர நிறுவனத்துக்கும், பெண்கள் அணியை ஏறக்குறைய 20 கோடிக்குத் தாய் நிறுவனத்துக்கும் விற்றது. 2023-24இல் அதன் கணக்கு 12.84 கோடி லாபமாக மாறியது. பிரீமியர் லீக் விதியில் அப்போது இதற்குத் தடை இல்லை. யூஃபா விதி இதை வருமானமாக ஏற்காது. 2025 ஜூலையில் யூஃபா செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. அடுத்து வரும் இலக்குகளைத் தவறவிட்டால் மேலும் 6 கோடி யூரோ வரை கட்ட வேண்டும்.

இனி கணக்கு மாறுகிறது. 2025 நவம்பரில் கிளப்புகள் வாக்களித்து, 2026-27 முதல் பிஎஸ்ஆருக்குப் பதில் அணிச் செலவு விகிதத்தைக் கொண்டுவர முடிவெடுத்தன. வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ஆகியோரின் சம்பளம், மேலே வகுத்தோமே அந்த ஆண்டுத் தொகை, ஏஜென்ட் கமிஷன் மூன்றும் சேர்ந்து கால்பந்து வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீரர் விற்பனையின் நிகர லாபமும் வருமானப் பக்கத்தில் சேரும். ஓட்டல் விற்ற பணத்துக்கு இங்கே இடமில்லை. ஐரோப்பியப் போட்டியில் ஆடும் கிளப்புகளுக்கு யூஃபாவின் 70 சதவீத வரம்பும் உண்டு. அதில் விற்பனை லாபத்தை 36 மாதத்துக்குப் பரப்பிச் சராசரி பார்ப்பார்கள். ஆகவே ஜூன் கடைசி வார அவசர விற்பனைக்கு அங்கே பழைய மவுசு இருக்காது.

உங்கள் கிளப்புக்கே போட்டுப் பார்ப்போம். அலெக்சாண்டர் இசாக்கை 2022இல் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில், சுமார் 6 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். மூன்று ஆண்டு ஓடியதால் பாதி தேய்ந்து மிச்சம் 3 கோடி. 2025 செப்டம்பர் 1 அன்று லிவர்பூலுக்கு 12.5 கோடிக்கு விற்றதில் லாபம் ஏறக்குறைய 9.5 கோடி. மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் ஆண்டுக்கு 3 கோடிக்குச் சற்று மேல் வருமானப் பக்கத்தில் ஏறும். அந்த உதவி மூன்றாண்டில் தீர்ந்துவிடும்.

கடைசியாக, ஆண்டறிக்கையில் மொத்த வருமானத்தை எடுங்கள். உதாரணத்துக்கு 40 கோடி என்றால் 85 சதவீதம் 34 கோடி, 70 சதவீதம் 28 கோடி. சம்பளப் பட்டியலில் அலுவலக ஊழியர்களின் சம்பளமும் கலந்திருக்கும், அதைத் தோராயமாகக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரம்புக்கும் நடுவே 6 கோடி இடைவெளி. மேலே பார்த்த 2.2 கோடி வீரரின் கணக்கில் அது இரண்டரை வீரர். சாம்பியன்ஸ் லீக் பணம் வரும் ஆண்டிலும் உங்கள் கிளப் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.