பழகிய மாத்திரை ஏன் திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: சென்ற ஆண்டு தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலின் சாப்பிட்டபோது எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இம்முறை அதே மாத்திரையைப் போட்ட அரை மணி நேரத்தில் உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் வந்துவிட்டன. ஒருமுறை ஏற்றுக்கொண்ட மருந்தை உடல் இப்போது எப்படி அந்நியப் பொருளாக நினைக்கிறது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் அவை தோன்றிய வேகமும் ஒவ்வாமையையே காட்டுகின்றன. அப்படியானால், முன்பு அந்த மருந்தைச் சாப்பிட்டபோதே உங்கள் உடல் வெளியே தெரியாமல் அதை அடையாளம் குறித்து வைத்திருக்கிறது.

பெனிசிலின் வகை நுண்ணுயிர்க்கொல்லியான அமாக்சிசிலின் மிகச் சிறிய மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை சுமார் 365தான். இவ்வளவு சிறிய பொருள் தனித்து இருக்கும்வரை நோய் எதிர்ப்பு மண்டலம் பொதுவாக அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பெனிசிலின் வகை மருந்துகளிலுள்ள பீட்டா-லாக்டம் வளையம் எளிதில் திறந்து, இரத்தத்திலுள்ள அல்புமின் போன்ற நம் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு அந்தப் புரதத்தின் வடிவம் மாறிவிடுகிறது. உடல் அந்நியமாகக் காண்பது இந்தக் கூட்டுப்பொருளைத்தான். இப்படிப் புரதத்தோடு சேர்ந்தால் மட்டுமே எதிர்ப்பைத் தூண்டும் சிறு மூலக்கூறுகளுக்கு ஹாப்டென் என்று பெயர்.

அந்தக் கூட்டுப்பொருளை அடையாளம் காணும் பி செல்கள் (ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் வெள்ளை இரத்த அணுக்கள்) இன்ன பொருள் வரும் என்று தெரிந்து உருவாவதில்லை. மரபணுத் துண்டுகள் தாறுமாறாக மாற்றி இணைக்கப்படுவதால், எண்ணற்ற வடிவங்களில் ஏற்பிகளை, அதாவது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தாங்கிய பி செல்கள் முன்கூட்டியே உருவாகிவிடுகின்றன. வந்த பொருளுக்குத் தற்செயலாகப் பொருந்தியது மட்டும் பெருகுகிறது. (இந்த மரபணு விளையாட்டைக் கண்டறிந்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.) பி செல் பெருக, டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் ஒப்புதலும் பெரும்பாலும் தேவை. சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை அவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்பட்டாலும், மருந்து ஒட்டிய புரதம் அங்கே இருந்ததில்லை என்பதால் அதற்கு எதிரானவை தப்பிவிடுகின்றன.

இவ்வாறு பெருகிய பி செல்கள் உருவாக்கும் ஐஜிஇ என்ற வகை ஆன்டிபாடிகள், தோலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். மருந்து மறுபடி வந்ததும் சில நிமிடங்களிலேயே அந்தச் செல்களிலிருந்து, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. உங்களுக்கு வந்த தடிப்புக்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஆகவே அந்த மாத்திரையை வீட்டில் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆம்பிசிலினும் ஆபத்தாகலாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலில் போடப்பட வேண்டியது அட்ரினலின் ஊசி. பிறகு நிதானமாக ஒவ்வாமை நிபுணரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உண்மையான பெனிசிலின் ஒவ்வாமையும் பலருக்குப் பத்து ஆண்டுகளில் மறைந்துவிடுவதால், பின்னாளில் மறுபடி பரிசோதித்துக்கொள்வதும் பயன் தரும்.