பாட்டு கையில், உரை பையில்

உயர்நிலை வகுப்புகளில் செய்யுள் நடத்துபவர்கள் இந்த மாதம் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

புறநானூற்றுப் பாட்டை ஆரம்பித்ததுமே மாணவர்கள் துணைநூலைத் திறந்து பொழிப்புரையைப் பார்க்கிறார்கள். பாட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு பாட்டுக்கு என்னென்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும்?

ஒரே ஒரு தாள் போதும். அதில் எது இருக்கக் கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உரை, திணை, துறை, பாடியவர் குறிப்பு எதுவும் வேண்டாம். பாட்டு மட்டும், 16 புள்ளி அளவுள்ள எழுத்தில், அடிகளுக்கு இடையே பென்சிலால் எழுத இடம் விட்டு, வலப்பக்கம் தாளில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக. அடி எண் கட்டாயம். எண் இல்லாவிட்டால் ‘அந்த வரி, இந்த வரி’ என்று தேடுவதிலேயே பாடவேளை போய்விடும்.

புறநானூறு 112-ஐ எடுத்துக்கொள்வோம்.

1. அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
2. எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
3. இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
4. வென்றெறி முரசின் வேந்தர்எம்
5. குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதலில் ஆசிரியர் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பொருள் சொல்லாமல். பிறகு இருவர் இருவராகப் பென்சிலோடு உட்காரட்டும். முதல் வேலை: 1-ஆம் அடியையும் 3-ஆம் அடியையும் ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை மட்டும் வட்டமிடுவது. அற்றை – இற்றை, அவ் – இவ், அவ்வளவுதான் மாறியிருக்கிறது. நிலவு மாறவே இல்லை. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்தில் கடைசி பெஞ்சு வரைக்கும் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது வேலை: ‘எந்தை’, ‘குன்று’ இரண்டும் எந்த வரிசையில் வருகின்றன? 2-ஆம் அடியில் தந்தை முன்னே, குன்று பின்னே. முடிவில் குன்று முன்னே போய்விட, தந்தை கடைசிக்கு வருகிறார். ‘உடையேம்’ என்று தொடங்கியது ‘இலமே’ என்று முடிகிறது. ‘பிறர் கொளார்’ என்ற நம்பிக்கை ‘கொண்டார்’ ஆகிவிட்டது. இழப்பில் பெரிய இழப்பைப் பாட்டு எங்கே வைத்திருக்கிறது என்று இங்கே கேளுங்கள்.

சொற்பொருளாகப் பலகையில் நான்கு சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம்: எந்தை – எம் தந்தை, கொளார் – கொள்ளமாட்டாதவர்களாக இருந்தனர், எறிதல் – முரசு அறைதல், இலம் – இல்லாதவர் ஆனோம். ‘திங்கள்’ என்ற சொல்லை மட்டும் தனியாகக் கவனியுங்கள். மாணவர் உடனே ‘நிலா’ என்பார். அப்படியானால் அதே அடியில் ‘வெண்ணிலவு’ எதற்கு என்று திருப்பிக் கேட்டால், அது மாதம் என்று அவரே வந்து சேருவார்.

பாரி, பறம்பு மலை, மூவேந்தர் முற்றுகை, இரு மகளிர் என்ற வரலாறு எல்லாம் கடைசி பத்து நிமிடத்தில் வரட்டும். பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடம் செத்துப்போவது இங்கேதான். கதையை முதலில் சொல்லிவிட்டால் பாட்டில் தேட ஒன்றும் மிஞ்சாது. கதை தெரிந்த பிறகு கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பது புகழா, குத்தலா? இரண்டு தரப்பும் எழும், எழட்டும். பொழிப்புரை மறுநாள் வரலாம்.

யாப்பிலக்கணம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அலகிடுதலை, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துப் பார்ப்பதை, விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா?

உண்டு, ஆனால் அட்டைகளை எண்ணித் தயாரிக்க வேண்டும். நால்வர் குழு ஒன்றுக்கு ஒரு நிறத்தில் நேரசை (தனிக் குறில் அல்லது நெடில்) 20, இன்னொரு நிறத்தில் நிரையசை (குறிலோடு அடுத்த குறிலோ நெடிலோ சேர்ந்தது) 20, மூன்றாவது நிறத்தில் வெண்பாவின் கடைசிச் சீருக்கான நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய 4. எல்லாம் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தால் மேசையில் இடம் போதும். குறளை நீளத் தாளில் சீர் சீராக எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு சீருக்கும் கீழே அட்டையை வைக்கச் சொல்லுங்கள்.

முதல் குறளிலிருந்தே தொடங்கலாம்.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

அக/ர, முத/ல இரண்டும் புளிமா (நிரை, நேர்). எழுத்/தெல்/லாம் புளிமாங்காய் (நிரை, நேர், நேர்). ஆ/தி தேமா (நேர், நேர்). பக/வன், முதற்/றே மறுபடி புளிமா. உலகு பிறப்பு. ஆக மேசையில் நேர் 8, நிரை 5, பிறப்பு 1 இருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஆசிரியர் கையில் இருந்தால் பிழையைக் குனிந்து தேட வேண்டாம். ஒரு குழுவில் நேர் 10, நிரை 4 என்று வந்தால், ‘முதற்றே’யை மு/தற்/றே என்று வெட்டியிருப்பார்கள். சீரின் தொடக்கத்தில் வரும் குறில், அடுத்த எழுத்து உயிர்மெய்யாக இருந்தால் தனித்து நேராகாது, அதோடு சேர்ந்து நிரையாகும் என்பதை அப்போது சொன்னால் மறக்காது. ஒற்றுக்குத் தனி அட்டை தேடுகிறவர்களும் இருப்பார்கள். ஒற்று முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், கணக்கில் வராது.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஆசிரியர் பக்கத்திலிருந்து வருவது: சந்தி பிரித்த பாடத்தைக் கொடுத்துவிடுவது. ‘எழுத்து எல்லாம்’ என்று எழுதினால் முதலடியில் ஐந்து சீர் ஆகிவிடும், வெண்பாவே குலையும். பொருளுக்குப் பிரித்த பாடம், அலகிட சீர் பிரித்த பாடம் – இரண்டையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை சரியாக அமைந்தபின் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை) பார்ப்பது சுலபம். மா (நேரில் முடியும் ஈரசைச் சீர்) வந்தால் அடுத்து நிரை, விளம் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) வந்தாலும் காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்) வந்தாலும் அடுத்து நேர். அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: ‘உலகு’ என்பதை ‘உலகம்’ ஆக்கி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உல/கம் புளிமா, வெண்பாவின் ஈற்றில் நிற்காது. விதியைச் சொல்வதற்கு முன்பே பாதிப் பேர் ‘இடிக்குது’ என்பார்கள். அந்தக் காது வந்துவிட்டால் வாய்பாடு தானாக வரும்.

இன்னொன்று. மேலே பார்த்த புறப்பாட்டின் 4-ஆம் அடியில் மூன்றே சீர் இருப்பதை யாராவது கவனித்தார்களா என்று கேளுங்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசி அடிக்கு முந்தைய அடி) முச்சீர் பெறும். இலக்கண வகுப்பையும் செய்யுள் வகுப்பையும் கோக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

குறுந்தொகைப் பாட்டுகளுக்குப் படங்கள், காணொளிகள் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் பாட்டைப் படித்த பிறகு. குறுந்தொகையின் 3-ஆம் பாட்டில் ‘கருங்கோல் குறிஞ்சி’ வருகிறது. கோல் என்றால் தண்டு; அதன் கருமையைப் பார்க்காதவருக்கு அந்த அடைமொழி வெறும் சொல். ஆகவே தண்டு தெரியும்படி அருகில் எடுத்த படம் ஒன்று வேண்டும். மலை முழுக்க நீலமாகப் பூத்த அழகுப் படம் இங்கே உதவாது.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது (2006, 2018 என) உண்மை. அதைச் சொல்லாமல் எந்த ஆசிரியரும் இந்தப் பாட்டைக் கடப்பதில்லை. ஆனால் பாட்டில் ‘பன்னிரண்டு’ இல்லை. பாட்டு சொல்வது தேன், அதுவும் ‘பெருந்தேன்’. வெளித்தகவலை வெளித்தகவல் என்றே சொல்லிவிட்டு, பாட்டு தரும் அளவுகளுக்குத் திரும்புங்கள்: நிலம், வான், நீர் என்று பெரிய பெரிய அளவுகளில் தொடங்கிய பாட்டு, தேனீ இழைக்கும் தேனில் வந்து நிற்கிறதே, ஏன்?

ஒலிப்பதிவு என்றால் ஒரே பாட்டை இருவர் படித்த இரண்டு பதிவுகள். எங்கே நிறுத்தினார்கள், எந்தச் சொல்லை அழுத்தினார்கள் என்று குறிக்கச் சொல்லலாம். ஒரே ஒரு பதிவைப் போட்டால் அதுவே சரியான முறை என்று ஆகிவிடும்.

மனப்பாடப் பகுதி எட்டு அடி. முதல் இரண்டு அடி எல்லோருக்கும் வருகிறது, பிறகு தடுமாற்றம்.

எப்போதும் முதலடியிலிருந்தே தொடங்குவதால் வரும் சிக்கல் இது. முதலடியை இருபது முறை சொல்லியிருப்பார்கள், எட்டாம் அடியை இரண்டு முறை. பின்னாலிருந்து வாருங்கள்: 8-ஆம் அடி, பிறகு 7-8, பிறகு 6-7-8. அடுத்த நாள் பலகையில் முழுப் பாட்டையும் எழுதி, ஒவ்வொரு வாசிப்புக்கும் அடிக்கு ஒரு சீர் அழியுங்கள். அடியின் முதற்சீரைக் கடைசியில் அழிக்க வேண்டும். மோனையும் எதுகையும் அங்கேதான் பிடி கொடுக்கின்றன. எழுத்துப் பிழை தனி நோய். அதற்கு ஒருமுறை பார்த்து எழுதுவதே மருந்து.

புதுக்கவிதை எழுதச் சொன்னால் உரைநடையைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுக்கிறார்கள். என்ன செய்வது?

உடைப்பதில் தவறில்லை, எங்கே உடைக்கிறோம் என்று யோசிக்காததுதான் தவறு. எழுதச் சொல்வதை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, ஒரே உரைநடையை எல்லோருக்கும் கொடுத்து அடி பிரிக்கச் சொல்லுங்கள். இது போதும்: ‘பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் ஒரு குடை மட்டும் நிற்கிறது.’

ஒருவர் இப்படிப் பிரிப்பார்:

பேருந்து போய்விட்டது.
நிறுத்தத்தில்
ஒரு குடை மட்டும் நிற்கிறது.

இன்னொருவர்:

பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் ஒரு
குடை மட்டும் நிற்கிறது.

இரண்டாவதில் ‘ஒரு’ என்று அடி முடிந்ததும் வாசகர் ஆளை எதிர்பார்க்கிறார், வந்தது குடை. முதலாவதில் ‘நிறுத்தத்தில்’ தனியே நிற்பதால் இடம் வெறிச்சோடித் தெரிகிறது. எது மேல் என்று தீர்ப்பு வேண்டாம், என்ன வேறுபாடு என்று ஒரு வாக்கியம் எழுதட்டும். அதற்குப் பிறகு எழுதும் கவிதையில் கண்மூடித்தனமான உடைப்பு பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்கு இன்னொரு நிபந்தனை: ‘சோகம், மகிழ்ச்சி, அன்பு, வலி’ ஆகிய நான்கு சொற்களுக்குத் தடை.

நயம் பாராட்டும் விடைகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? எல்லாமே ஒன்றுபோல் இருக்கின்றன.

ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், ‘நயம்’ என்றால் புகழ்வது என்று அவர்கள் நினைத்திருப்பது. 10 மதிப்பெண்ணை இப்படிப் பிரித்து, தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பாட்டிலிருந்து சொல்லை எடுத்துக்காட்டியதற்கு 3, அந்தச் சொல் என்ன செய்கிறது என்று விளக்கியதற்கு 4, பாட்டின் மற்றோர் இடத்தோடு இணைத்ததற்கு 2, மொழிக்கு 1.

குறுந்தொகை 40-இன் ‘செம்புலப் பெயனீர்’ உவமைக்கு ஒரு மாணவர் எழுதுகிறார்: ‘புலவர் அருமையான உவமையால் அன்பின் ஆழத்தை அழகுற விளக்கியுள்ளார்.’ இதற்கு 1, மொழிக்காக. இன்னொருவர்: ‘செம்மண்ணில் விழுந்த நீர் நிறம் மாறிவிடும், திரும்பப் பிரிக்க முடியாது. முதல் மூன்று அடிகளில் யாய் – ஞாய், எந்தை – நுந்தை, யான் – நீ என்று இரண்டிரண்டாகப் பிரிந்து இருந்தவர்கள் கடைசியில் ஒரே நெஞ்சம் ஆகிறார்கள்.’ இதற்கு 9 தரலாம். ‘கலந்தன’ என்ற சொல்லைத் தொட்டிருந்தால் பத்தும். ஆனால் ‘நெஞ்சம் ஒன்று’ என்று பாட்டு சொல்லவில்லை, ‘கலந்தனவே’ என்று பன்மையில்தான் சொல்கிறது என்று விடைத்தாளில் குறித்துவிடுங்கள்.

இரண்டு விடைகளையும் பெயரில்லாமல் பலகையில் எழுதி, மதிப்பெண் போடும் வேலையை வகுப்பிடமே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஆசிரியரைவிடக் கறாராகப் போடுவார்கள்.

மூலபாடங்களும் அகராதியும் இலவசமாக எங்கே கிடைக்கும்?

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் சங்க நூல்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் மூலமும் பழைய உரைகளும் சேர்ந்து கிடைக்கும். எதை எடுத்தாலும் அச்சிடும் முன் ஒரு பதிப்போடு ஒத்துப்பாருங்கள். தட்டச்சுப் பிழையும் வரும், பாடபேதமும் வரும். 112-ஆம் புறப்பாட்டிலேயே ‘நிலவின்’, ‘நிலவில்’ என்ற இரண்டு வடிவங்களைக் காணலாம்.

அகராதிக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. மாணவர் கையில் கொடுத்தால் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். ஆகவே சொல்லுக்கு மூன்று பொருளாவது எழுதி, பாட்டில் பொருந்தாத இரண்டை ஏன் விட்டேன் என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பழகுவதற்கு ‘திங்கள்’ என்ற சொல்லையே கொடுக்கலாம்.