பக்கத்து வயல் மருந்து என் பயிரில் பட்டால் சான்று போய்விடுமா?

கேள்வி: கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் 320 ஏக்கர் வைத்திருக்கிறோம். இயற்கை வேளாண்மைச் சான்று பெற்று இது இரண்டாம் ஆண்டு. பத்து நாட்களுக்கு முன் பக்கத்து நிலத்துக்காரர், அறுவடைக்கு முன்பாக மசூர் பயிருக்குக் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தார். காற்று எங்கள் பக்கம் வீசியது. வேலியோரத்து ஆளிச் செடிகளின் நுனி மஞ்சளாகிவிட்டது. நல்ல மனிதர், அவரோடு வழக்காட மனமில்லை. சான்றளிக்கும் அமைப்பிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கனடாவின் தரநிலைப்படி, அறுவடைக்கு முந்தைய 36 மாதங்கள் தடைசெய்த பொருள் நிலத்தில் படக்கூடாது. நீங்களே சொன்னால், பெரும்பாலும் வேலியோரம் மருந்து பட்ட நீளத் துண்டு, அதாவது அந்தப் பட்டைதான் தகுதி இழக்கும். மறைத்து, வாங்குபவரின் ஆய்வில் எச்சம் தெரிந்தால் சான்றே ஆட்டம் காணும். விதிப்படி 8 மீட்டர் இடைவெளி விட்டிருப்பீர்கள். காற்றில் வரும் சாரலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

அறுவடைக்கு முன் ஆதாரம் சேருங்கள். வேலிக்கம்பம் தெரியும்படி படம் எடுங்கள். ஓரத்துச் செடிகளையும் வயலின் நடுவில் உள்ள செடிகளையும் தனித்தனிப் பைகளில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அன்றைய காற்றின் திசையை வானிலைப் பதிவிலிருந்து எடுத்துவையுங்கள். பாதித்த பட்டையைத் தனியே அறுத்துத் தனிக் களஞ்சியத்தில் கொட்டுங்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியே இல்லை.

இதே மாகாணத்து இயற்கை விவசாயிகள், மரபணு மாற்றிய கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் தங்கள் வயலில் கலந்ததற்காக மான்சான்டோ, பேயர் நிறுவனங்கள் மீது தொடர முயன்ற கூட்டு வழக்குக்கு 2005இல் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. 2007இல் மேல்முறையீடும் தோற்றது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே எதிரி விதையை விற்ற நிறுவனம். இங்கே மருந்தடித்த கை எதுவென்று தெரியும். கவனக்குறைவு, நிலத்தைப் பயன்படுத்தி அனுபவிப்பதற்கு இடையூறு என இரண்டு அடிப்படையிலும் இழப்பீடு கேட்கலாம். சேதம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

ஆனால் முதலில் ஒரு கடிதம் போதும். அவரது காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்கச் சொல்லுங்கள். மருந்துச் சாரலுக்குப் பாலிசி பொருந்துமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையின் ஏக்கர் கணக்கு, இயற்கை விளைபொருளுக்கும் சாதாரண விளைபொருளுக்கும் உள்ள விலை வித்தியாசம், தகுதி திரும்பும்வரை போகும் அறுவடைகள், ஆய்வகக் கட்டணம், அறுவடை இயந்திரத்தைக் கழுவிய கூலி: இவைதான் உங்கள் இழப்பு. காபி குடித்துக்கொண்டே பேசி முடிக்கலாம். ஒப்புக்கொண்டதை மட்டும் கையெழுத்துடன் வாங்கிவிடுங்கள்.